மூட்டு வாதமும் நமது குடும்பங்களும்

(கோடைக்கானலிற் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் நாற்காலியில் அமர்ந்தவாறே பேசுதலைப் பொறுத்தருள வேண்டுகின்றோம். சென்ற கூட்டத்தில் மூத்தோர் பாயில் வீற்றிருக்க, நாற்பதைக் கடந்த யாம் மட்டும் உயர்ந்த ஆசனம் ஏறியது செருக்கென்று சிலர் கருதியதாகச் செவியுற்றோம். செருக்கன்று, தரையில் அமர்ந்தால் பிறர் கைகொடாமல் எழ இயலாமையே காரணம்.

ஆறாண்டுகளாக எம்மைப் பற்றியிருப்பது முடக்குவாதம். விடியலில் விரல்கள் மடங்கா. வேட்டி உடுக்கவும் சோறு பிசையவும் மூன்று நாழிகை காத்திருத்தல் வேண்டும். சுண்ணக்கட்டி பிடிக்க இயலாத நாளில், மாணவன் ஒருவன் கரும்பலகையில் எழுத, யாம் சொல்லி வருகின்றோம்.

மூட்டு நோய்கள் பலவகைப்படும். முதுமையிற் பெரும்பாலும் முழங்காலில் வருவது குருத்தெலும்பு தேய்தலால் உண்டாவது. முடக்குவாதமோ, உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைப் பகையென மயங்கித் தாக்குவதால் வருவது. காவலனே மனையைக் கொள்ளையிட்டாற் போலும். இஃது இளையோரையும் பற்றும். ஆடவரினும் பெண்டிரை இருமடங்கு, மும்மடங்கு மிகுதியாய்ப் பற்றும்.

மலைக்குளிரே காரணம் என்பார் பலர். ஏறத்தாழ 7,000 அடி உயரமுள்ள இவ்வூரில், மார்கழிப் பனியில் விறைப்பும் நோவும் மிகுதல் எம் அனுபவமே. ஆயினும் குளிர் இந்நோயைத் தோற்றுவிப்பதன்று. கீழே பழனியின் வெயிலிலும் இந்நோயினர் உளர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டு உணவுக்கு நன்று. முடக்கை அறுப்பது என்று பெயரிலேயே பொருள் தரும் முடக்கறுத்தான் கீரையும் நன்று. ஆனால் பெயர்ப்பொருள் மருந்தாகாது என்பதை எம் விரல்களைக் கொடுத்தே கற்றோம். ஈராண்டு கீரையையும் தைலத்தையும் மட்டுமே நம்பியிருந்தமையால் வலக்கை விரல்கள் இரண்டு கோணின, அவை மீளவில்லை. தொடக்கத்திலேயே மருத்துவரை அடைந்து, மெதோட்ரெக்ஸேட் போன்ற மருந்தை முறையாக உட்கொள்வோர்க்கு அக்கேடு பெரிதும் குறையும். அம்மருந்து வாரம் ஒருமுறை மட்டுமே உண்ணத்தக்கது. நாடோறும் உண்பது உயிருக்கே தீங்காம்.

இனி, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்லுகின்றோம். நம் வீடுகளிற் பெண்ணுக்கு இந்நோய் கண்டால், மணம் தடைப்படுமென்று அஞ்சி மறைக்கின்றனர். மறைத்து மணந்தவள் புகுந்த வீட்டில் மருந்தை நிறுத்துகின்றாள், அன்றி ஒளித்து உண்கின்றாள். நிறுத்தினால் மூட்டு அழியும். மெதோட்ரெக்ஸேட்டை உண்ணுங்கால் கருவுற்றால் சிசுவுக்குக் கேடு. கருவுறுதற்கு முன்னரே மருத்துவரைக் கேட்டு மருந்தை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். கணவன் அறியாமல் இஃது எங்ஙனம் கூடும்? ஆதலின், பெண் கொடுப்போர் மறையாதிருப்பாராக. பெண் கொள்வோர் கேட்டு வெருளாதிருப்பாராக. மருந்துண்டு இல்லறம் நடத்தி மக்களைப் பெற்றவர் பலர்.

பழனிக் குன்றில் அறுநூற்றுக்கு மேற்பட்ட படிகள் உள. 1966இல் அங்கே இழுவை இரயில் வந்தது. 2004இல் கம்பிவட ஊர்தியும் வந்தது. அவற்றில் ஏறிச்சென்று தொழுவாரைப் பக்தியிற் குறைந்தவர் என்று நாம் சொல்வதில்லை. ஆண்டவன் சந்நிதியில் இல்லாத குற்றம் நமது பந்தியில் மட்டும் ஏன் இருத்தல் வேண்டும்? சங்கத்து விருந்துகளில் தரைப்பந்தியோடு மேசைப்பந்தியும் இடுக. மண்டபப் படிக்குக் கைப்பிடி அமைக்க. செலவு சிறிது. அதனால், வலிக்கு நாணி வீட்டிலேயே தங்கிவிட்ட நம் தாய்மார் பலர் அடுத்த கூட்டத்துக்கு வருவர்.