குடிநீக்கியும் குடியிருப்பும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"என் நிலம்" என்னும் சொல் இன்று எவர் வாயிலும் எளிதாக வருகின்றது. அரைக் காணி உடையவனும் வேலியிடுகின்றான், கிணறு தோண்டுகின்றான், தென்னை வைக்கின்றான், செங்கல்லால் வீடு எழுப்புகின்றான். இவற்றுக்காக அவன் எந்த வேந்தன் வாயிலிலும் கைகட்டி நிற்பதில்லை. ஆயின், ஓராயிரம் ஆண்டுகட்கு முன்னர் இவை கொடையாகப் பெறவேண்டிய பேறுகளாய் இருந்தன.

சோழர் செப்பேடுகளைக் காண்க. பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊர் பிரமதேயம். கோயிலுக்கு விடப்பட்டது தேவதானம். சமண, புத்தப் பள்ளிகட்கு விடப்பட்டது பள்ளிச்சந்தம். முதலாம் இராசராசன் நாகையில் இருந்த புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தை அளித்தது இம்மூன்றாம் வகையினது. பெண்யானையை நடத்தி எல்லை காட்டினர். கல்லும் கள்ளியும் நட்டனர். கொடை பெற்றோர் கிணறு தோண்டலாம், தென்னை நடலாம், சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம் என உரிமைகள் அடுக்கிப் பொறிக்கப்பட்டன. அத்தகைய ஏடுகளிலேயே, கள்ளிறக்கும் ஈழவர் அவ்வூர்த் தென்னையிலும் பனையிலும் ஏறலாகாது என்ற தடையும் இடம்பெற்றது. ஒருவனுக்கு உரிமை வந்த வழியே இன்னொருவனுக்குத் தடையும் வந்தது!

வேள்விக்குடிச் செப்பேடு இன்னும் தெளிவானது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொடுத்த அவ்வூர், களப்பிரர் காலத்தில் பறிபோயிற்று. கி.பி. 8ஆம் நூற்றாண்டில், பெற்றவனின் வழிவந்தவன் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனிடம் முறையிட்டான். நாட்டாரைக் கொண்டு பழமையை மெய்ப்பிக்குமாறு அரசன் பணித்தான். அவன் மெய்ப்பித்தான், ஊர் மீண்டது. ஈண்டு உரிமைக்குச் சான்றாய் நின்றது எது? பழைய மன்னனின் கொடை. ஏர் பிடித்த கையன்று. அரசன் சொல்லால் வந்த நிலம் அரசன் சொல்லால் போகும். மீண்டும் அரசன் சொல்லாலேயே வரும்.

கொடுக்கப்பட்ட ஊர்கள் ஆளற்ற வெற்றுநிலங்கள் அல்ல. ஆங்கே குடிகள் இருந்தனர். அவர்களின் பழைய உரிமையை அகற்றிக் கொடுத்தால் 'குடிநீக்கி'. அகற்றாது கொடுத்தால் 'குடிநீங்கா'. கல்வெட்டுகளில் வரும் இவ்விரு சொற்களுக்குள் எத்தனை குடும்பங்களின் கண்ணீர் உறைந்துள்ளது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழ் மன்னர் செய்தது என்பதனாலேயே ஒரு செயல் அறமாகிவிடாது.

பின்னர் அயலார் ஆட்சிகள் வந்தன. காணியாட்சி 'மிராசு' ஆயிற்று. இறையிலி 'இனாம்' ஆயிற்று. நிலமே 'சமீன்' ஆயிற்று. சொல் மாறியதேயன்றி உழவனின் நிலை மாறவில்லை. 1802இல் கும்பினியார் சென்னை மாகாணத்தில் நிலையான வரித்திட்டத்தைப் புகுத்திச் சமீன்தார்களை வேரூன்றச் செய்தனர். 1820இல் ஆளுநரான தாமசு மன்றோ வலியுறுத்திய இரயத்துவாரி முறையில் அரசு நேரே நிலமுடையானிடம் வரி பெற்றது. தனியாள் ஒருவன் பெயரில் நிலம் என்னும் இக்கால எண்ணம் இதனால் வலுப்பெற்றது. ஆயினும், பெயர் பெற்றவனே உழவேண்டும் என்ற கட்டாயம் அதிலும் இல்லை.

விடுதலைக்குப் பின், 1948இல் சமீன்களும் 1963இல் இனாம்களும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. நன்று. ஆனால், பண்ணையாள் குடியிருந்த குடிசையின் அடிமனை யாருடையது? பண்ணையாருடையது! கூலி கூட்டிக் கேட்டால் வேலை மட்டுமன்று, வீடும் போகும். ஆயிரம் ஆண்டுப் பழைய 'குடிநீக்கி' செப்பேட்டிலிருந்து இறங்கி வந்து குடிசை வாயிலில் நின்றது. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 1968 திசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டத்தின் பகையால், உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். தனக்கென ஓரிடம் என்பது ஏழைக்கு எத்துணைப் பெரிய பொருள் என்பதை அந்தச் சாம்பல் சொல்லும்.

1971இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. உழவரும் உழவுத் தொழிலாளரும் பிறர் நிலத்தில் குடியிருந்த மனையை அவர்க்கே உரிமையாக்கியது அது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அச்சட்டத்தின் பெயரிலும் 'குடியிருப்பு' என்னும் தமிழ்ச்சொல் அப்படியே நிற்கின்றது. பிறமொழியால் ஈடு செய்யவியலாத சொல் அது. நீக்கப்பட்ட குடி இருக்கத் தொடங்கியதற்கு அச்சொல்லே சான்று.

எனினும் பணி முடியவில்லை. மனைப்பட்டா வழங்கும் மேடைகளில் ஏழை உழவன் இன்றும் கைகூப்பிக் குனிந்து நிற்கின்றான். வழங்குவோரும் வள்ளல்களைப் போல் நிமிர்ந்து நிற்கின்றனர். அவன் பெறுவது கொடையன்று. தன் முன்னோர் உழைத்த மண்ணின் ஒரு துண்டு. உரிமையைக் கொடையென்று எண்ணும் வரையில் உள்ளத்தில் பழைய செப்பேடு அழியவில்லை என்பதே பொருள்.

நிமிர்ந்து நின்று பெறுக! குடி நிலைக்கட்டும்!