கூலி பெறாத ஊழியர்

புதிதாகத் தோன்றிய ஒரு சபைக்கு முதற்கண் வேண்டுவது யாது என்று வினவினால், ஆலயம் என்பார் சிலர். குருவானவர் என்பார் வேறு சிலர். உலகியல் அறிந்தோர் பணம் என்பர். தெலுங்கு நாட்டின் ஒரு மூலையிலே, எழுத்தறிவில்லாத ஏழைக் கூலியாட்கள் நடுவிலே, இவ்வினாவுக்கு வேறொரு விடையைக் கண்டவர் ஒரு தமிழர். திருநெல்வேலிச் சீமையிலுள்ள வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டு பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பவரே அவர். பிற்காலத்தில் தோர்ணக்கல் அத்தியட்சர் என்று உலகம் அவரை அறிந்தது.

அவர் கண்ட விடைக்கு வித்திட்ட நிலங்களுள் ஒன்று யாழ்ப்பாணம் என்பது நேயர்கள் பலர் அறியாத செய்தியாகலாம். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் 1884ஆம் ஆண்டிலேயே கிறிஸ்தவ வாலிபர் சங்கம் ஒன்று தோன்றியிருந்தது. ஆசியாவில் அமைந்த மிக முந்திய சங்கங்களுள் அதுவும் ஒன்று. யாழ்ப்பாணத்து மாணவரும் ஆசிரியரும் 1900ஆம் ஆண்டில் தமக்கென ஒரு மிஷனரிச் சங்கத்தை நிறுவி, கடலுக்கு அப்பால் இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டியிலே ஊழியம் நடத்த முற்பட்டனர். மேனாட்டார் பணத்தை எதிர்நோக்காது, தம் சொந்தக் கைப்பொருளைக் கொண்டே அதனைச் செய்தனர். வாலிபர் சங்கத்துச் செயலாளராய் 1902இல் யாழ்ப்பாணம் வந்த அசரியா இதனைக் கண்டார். கண்டு நாணினார் என்றே சொல்லவேண்டும். எண்ணிக்கையிற் சிறிய யாழ்ப்பாணச் சபை பிறநாட்டுக்கு ஊழியரை அனுப்ப, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வேரூன்றித் தழைத்த திருநெல்வேலிச் சபை வாளாவிருந்ததே!

அவ்வாறு அது வாளாவிருந்ததற்குக் காரணம் உண்டு. மிஷன்கள் ஊர்தோறும் உபதேசியார்களை நியமித்துச் சம்பளம் அளித்து வந்தன. அந்த உபதேசியார்களிற் பலர் உத்தமர்கள், அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும், சுவிசேஷம் கூறுதல் சம்பளக்காரர் வேலை, கேட்டுக்கொண்டிருத்தல் சபையார் வேலை என்றொரு பிரிவினை நாளடைவில் ஏற்பட்டுவிட்டது. பிற மதத்தவரோ, உபதேசியார் ஏதேனும் கூறினால், "கூலிக்குப் பேசுகிறார்" என்று எளிதாய்த் தள்ளிவிட்டனர். சம்பளம் நின்றால் ஊழியமும் நிற்கும் என்ற நிலையிலுள்ள சபை, எத்துணை வயதாயினும், இன்னும் நடை பழகாத குழந்தையே ஆகும்.

1903ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அசரியாவும் அவர் நண்பர்களும் பாளையங்கோட்டையில் கூடித் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கினர். இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற மூன்றுமே அதன் விதி. பணம் எங்கிருந்து வரும்? சோறு சமைக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவப் பெண்களிடம் முன்னமே இருந்தது. பிடியரிசி என்பது அதன் பெயர். செல்வர் தரும் நூறு ரூபாயிலும் இந்தப் பிடியரிசிக்கு வலிமை அதிகம். ஏனெனில் நூறு ரூபாய் ஆண்டுக்கு ஒரு முறை நினைவூட்டும், பிடியரிசியோ நாள்தோறும் அடுப்பங்கரையில் நினைவூட்டும். சங்கத்தின் முதல் ஊழியர் 1904இல் நிஜாம் அரசுக்குட்பட்ட தெலுங்கு நாட்டுக்குச் சென்றார். 1905ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த நாளன்று வங்காளத்துச் சேராம்பூரில் அகில இந்தியாவுக்குமான தேசிய மிஷனரிச் சங்கம் உருவாயிற்று. அதன் தொடக்கத்திலும் அசரியாவுக்குப் பெரும்பங்கு உண்டு.

இவ்வளவும் அலுவலகத்திலிருந்து செய்யக்கூடிய காரியங்கள். ஊழியத்துக்கு ஆள் வேண்டும் என்று ஊரூராய்ச் சென்று வாலிபரை அழைத்தவரின் உள்ளத்தில், "நீ ஏன் செல்லவில்லை?" என்ற கேள்வி எழாமல் இருக்குமா? 1909இல் அவர் தம் பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, மனைவி அன்பு மரியம்மாளையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தோர்ணக்கல் சென்றார். சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கிளைப்பாதை பிரியும் இரயில் சந்தி அது. ஆரம்பத்தில் கூடாரமே வீடு. தமிழ் அங்கே செல்லாது. முப்பத்தைந்து வயதில் தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து கற்கவேண்டியதாயிற்று. பிறரைத் தொண்டுக்கு அழைப்பவருக்கு இதனினும் சிறந்த அழைப்பு மொழி வேறெதுவும் இல்லை போலும்.

1910ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் நடைபெற்ற உலக மிஷனரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை பலருக்குக் கசந்தது. மேனாட்டு மிஷனரிமார் இந்திய ஊழியரைச் சம்பளம் பெறும் வேலைக்காரராகக் காண்கின்றனரேயன்றி நண்பராகக் காண்பதில்லை என்று, அவர்கள் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். தொண்டரை வளர்க்கும் கலைக்கு இதுவே அடிப்படை என்பதை அன்று உணர்ந்தவர் சிலரே. ஏவலாளைக் கூலி கொடுத்துப் பெறலாம். தன்னை மறந்து உழைப்பவனை அவ்வாறு பெற இயலாது. 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி எய்திய முதல் இந்தியர் அவரே.

இனி, தொண்டருக்கு அவர் எங்கே போனார் என்று பார்ப்போம். தோர்ணக்கல் பகுதியிற் சபைக்கு வந்தோர் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்னும் இரு சாதியார். ஊருக்குப் புறம்பே வாழ்ந்தவர்கள். பொதுக் கிணற்றில் நீர் மொள்ள உரிமையற்றவர்கள். பெரும்பாலோர் கடனில் மூழ்கிய பண்ணைக் கூலிகள். இவ்விரு சாதியாரும் தமக்குள்ளே ஒருவரோடொருவர் உண்பதுமில்லை. இத்தகையோர் முதலிற் பல ஆண்டுகள் கற்று, பின்னரே பிறருக்குக் கூறலாம் என்பதே எவருக்கும் தோன்றக்கூடிய முறை. அசரியா அதனைத் தலைகீழாக்கினார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தம் தலைமீது கைவைத்து, தாம் ஞானஸ்நானம் பெற்றவர் என்றும், சுவிசேஷத்தைக் கூறாதிருந்தால் தமக்கு ஐயோ என்றும் சொல்லச் செய்வது அவர் வழக்கம். அப்போஸ்தலனாகிய பவுல் தன்னைக் குறித்துச் சொன்னதைத் தெலுங்குக் கூலியாள் தன்னைக் குறித்துச் சொன்னான். இன்று கற்றதை நாளை அயலானுக்குச் சொல்லலாம். அயலான் கேட்கும் கேள்வியே மறுநாட் பாடம்.

ஆண்டுதோறும் சாட்சி வாரம் என ஒன்று நடைபெற்றது. ஒரு வேதக் கதை, ஒரு பாட்டு, இவ்வளவுதான் அதற்கு வேண்டிய கல்வி. ஆணும் பெண்ணும் குழுக்களாய்ப் பிரிந்து, அயற்கிராமங்களுக்கு நடந்து சென்றனர். பகலெல்லாம் வயலில் உழைத்தவர்களுக்கு இரவுதான் ஓய்வு. அவ்விரவையே அவர்கள் கொடுத்தனர். எழுத்தறியாதார்க்குப் பாட்டே புத்தகம் என்பதை உணர்ந்த அசரியா, மேனாட்டு இராகங்களை வற்புறுத்தாது, கோலாட்டத்தையும் பஜனையையும் நாடகத்தையும் ஊக்குவித்தார்.

ஆர்வம் ஒரு வாரத்தில் எழும். ஒரு வாரத்தில் அடங்கவும் செய்யும். அதனை நிலைபெறச் செய்வதிலேயே அவர் திறமை விளங்கிற்று. தோர்ணக்கல் பயிற்சிச் சாலைக்கு வந்தோர் மனைவி மக்களோடு வந்தனர். தம் கிராமத்திற்போல மண் குடிசைகளிலேயே வசித்தனர். மாடிக் கட்டடத்தில் ஈராண்டு இருந்தவன் மீண்டும் சேரிக்குத் திரும்ப மனங்கொள்ளான் என்பதை அவர் அறிவார். மனைவியருக்கும் வாசிப்புக் கற்பிக்கப்பட்டது. அப்பணியில் அன்பு மரியம்மாள் ஈடுபட்டார். கிராமத்தில் ஆணோடு பேசுபவர் ஒருவர் இருந்தாற் போதாது, பெண்ணோடு பேசுபவரும் வேண்டுமன்றோ? அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் நான்கு பேய்கள் என்று அசரியா கூறிவந்தார். இப்பேய்களை ஓட்டுவதும் தொண்டரின் கடமையாயிற்று. குடியை விட்ட ஒரு மாலனின் வீட்டைக் கண்டு, அவனைத் தீண்ட மறுத்த உழவரும் வியந்தனர். சபையை நோக்கி அத்தகையோர் பலர் வந்ததற்கு ஒரு காரணம், போதகர் சொல்லைக் காட்டிலும் இக்கூலியாட்களின் மாறிய வாழ்வு என்பது ஆராய்ந்தோர் கண்ட முடிபு.

இம்முயற்சிக்கு எதிர்ப்பும் இருந்தது. 1930ஆம் ஆண்டுகளில் காந்தியடிகள் கூட்டம் கூட்டமாய் நிகழ்ந்த மதமாற்றத்தைக் கண்டித்தார். அசரியாவுக்கும் அவருக்கும் இதில் ஒற்றுமை ஏற்படவேயில்லை. சபைக்குள்ளும் மாலர், மாதிகர் என்ற வேறுபாடு எளிதில் மறையவில்லை. வெளிநாட்டு உதவியும் முற்றாய் நீங்கிவிடவில்லை. பிடியரிசியும் தானியக் காணிக்கையும் பெருகினும், பள்ளிகளையும் வைத்தியசாலைகளையும் நடத்த அவை போதியனவாகவில்லை. கொடுத்தலைப் பற்றி அசரியா தனியே ஒரு நூல் எழுத நேர்ந்ததும் இதனாலேயாம்.

தோர்ணக்கல் பேராலயம் கட்டி முடிய நெடுங்காலம் சென்றது. மசூதியின் கவிமாடமும் இந்துக் கோயிலின் தூண்களும் ஒருங்கே அமைந்த அவ்வாலயம் 1939ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன்பின் ஆறாண்டுக்குச் சில நாள் குறைவாகவே அசரியா வாழ்ந்தார். 1945ஆம் ஆண்டின் முதல் நாளன்று அவர் தோர்ணக்கலிலேயே காலமானார். சாட்சி வாரத்துக்குப் பாட்டுப் பயின்ற குழுக்கள் அவருக்குப் பின்னும் தெலுங்குக் கிராமங்களில் இரவு வேளைகளிற் புறப்பட்டுச் சென்றன.