சாக்கைப் பாருங்கள், சட்டியை அப்புறம் பார்ப்போம்



ஆடி மாதத்தில் எங்கள் ஊரான சேரங்கோட்டில் மழை விட்டால்தான் செய்தி. தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று இந்தப் பக்கம் முழுக்க, தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து முட்டுகிற இடம். கொடியில் போட்ட துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. அப்படி ஒரு நாளில், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு அக்கா ஒருவர் கட்டைப்பைக்குள் நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத்தான் ஓய்வு, என் வாசலுக்கு இல்லை.

"சார், ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே இருக்கு. யாரையும் தூங்க விட மாட்டேங்குது. கோழித்தோல் போட்டேன், அதான் அலர்ஜின்னு பையன் போன்ல பார்த்துச் சொல்றான்."

குட்டிக்கு மூன்று மாதம் இருக்கும். நாட்டு நாய். காதோரத்தில் முடி கொட்டி, தவிடு ஒட்டியதுபோலச் செதில். முன்னங்கால் முட்டியிலும் அப்படியே. காதின் ஓரத்தை மடித்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து லேசாகத் தேய்த்தேன். அதே பக்கத்துப் பின்னங்கால் சாவி கொடுத்த பொம்மை மாதிரி காற்றைச் சொறிய ஆரம்பித்தது. விட்டேன், நின்றது. தேய்த்தேன், மறுபடி உதைத்தது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வீட்டுல வேற யாருக்காவது அரிப்பு இருக்கா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிக் காட்டினார். முழங்கையின் உள்பக்கம் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள். "சின்னவளுக்கு வயித்துல இருக்கு சார்."

கோழித்தோல் அலர்ஜி நாயிலிருந்து அக்காவின் கைக்குத் தாவாது. இது சொறி. சார்கோப்டிஸ் என்கிற சிற்றுண்ணியின் வேலை. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும். நாயின் சிற்றுண்ணி மனிதத் தோலில் குடும்பம் நடத்தாது, கடித்துவிட்டுச் செத்துப்போகும். நாய்க்குச் சரியானால் வீட்டில் உள்ளவர்களுக்கும் சில வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் குளிரும் ஈரமும் இருந்தால் நாயின் உடம்பை விட்டு விழுந்த பிறகும் அது பல நாள் உயிரோடு கிடக்கும். ஆடி மாதச் சேரங்கோடு அதற்கு மாமியார் வீடு.

"எங்க படுக்குது?" என்றேன். அடுப்புப் பக்கத்தில், கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற பழைய சாக்கின்மேல். பிள்ளைகளும் அங்கேதான் குளிர்காய்வார்கள். வெளியே கட்டினால் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விடும், வேறு வழியில்லை.

அலர்ஜியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. தூசி, பூஞ்சை, மகரந்தத்தால் வருகிற ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் நடுவில்தான் தலைகாட்டும். அதற்கு முன்னால் ஒரு குட்டி இப்படிப் பிய்த்துப் பிடுங்கினால், முதலில் தேட வேண்டியது பூச்சியை. சோற்றுச் சட்டியைப் பார்க்கும் முன்னால் படுக்கிற சாக்கைப் பாருங்கள் என்பேன்.

ஒரு சின்னச் சோதனை. குட்டியின் வாலடியில் சீப்பால் வாரி, உதிர்கிற கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண் இல்லை. தெள்ளுப்பூச்சியின் எச்சம், குட்டியின் ரத்தம். ஒரு பெண் தெள்ளு நாளைக்கு 40, 50 முட்டை போடும். முட்டை முடியில் தங்காது, படுக்கிற இடத்தில் உதிரும். நாயின்மேல் நாம் பார்ப்பது நூற்றில் ஐந்து பங்குதான். மிச்சமெல்லாம் சாக்கிலும் தரை இடுக்கிலும் இருக்கிறது. சில நாய்களுக்கு அந்தப் பூச்சியின் எச்சிலே ஒவ்வாமை. ஒரு கடிக்குப் பல நாள் சொறியும். கால்விரல் இடுக்கிலும் காதுக்குள்ளும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ஈறு வெளுத்து, குட்டி சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்குக் காத்திருக்கக் கூடாது.

வைத்தியத்துக்கு வருவோம். ஒர்க்‌ஷாப்பில் வடித்த கறுப்பு ஆயிலைப் பூசுவது நம் ஊர்ப் பழக்கம். பூச்சி மூச்சுமுட்டிச் சாவது உண்மைதான், அதனால்தான் பழக்கம் விடவில்லை. ஆனால் குட்டி அதை நக்கும். தோலும் வெந்துபோகும். மண்ணெண்ணெய், புகையிலைத் தண்ணீர், ஃபினாயில் எல்லாம் இதே வகைதான். துணி துவைக்கிற சோப்பும் வேண்டாம், நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது.

அடுத்தது மாட்டு ஊசி. ஐவர்மெக்டின் நல்ல மருந்து. ஜப்பானில் ஒரு பிடி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து பிறந்தது, அதற்காக ஓமுரா, கேம்பல் இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. மாட்டுக்குப் போடுகிற ஒரு சதவீத மருந்தில், ஒரு மில்லி என்பது 50 கிலோ உடம்புக்கான கணக்கு. இந்தக் குட்டி இரண்டு கிலோ. ஊசிக்குழாயில் கை நடுங்கினால் கணக்கு தப்பும். கோலி இன நாய்களுக்குச் சரியான கணக்கில் போட்டாலே ஆபத்து வரலாம். இப்போது எட்டு வாரம் தாண்டிய குட்டிகளுக்கு எடை பார்த்துக் கொடுக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. எதை, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். அவர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் சொறி இல்லை என்று ஆகாது, இந்தப் பூச்சி எளிதில் சிக்காது.

கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டதுபோல முடி கொட்டி, அரிப்பு அவ்வளவாக இல்லையென்றால் அது வேறு சிற்றுண்ணி. பிறந்த முதல் சில நாளில் தாயிடமிருந்து தொற்றுவது. பல குட்டிகளுக்குத் தானாகவே ஆறிவிடும்.

இத்தனையும் பார்த்துத் தீர்த்த பிறகும் அரிப்பு நிற்கவில்லையா? அப்போது சட்டிக்கு வரலாம். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை, இவைதான் நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை. அதுவரை தின்னாத ஒரே வகை உணவை எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட்கூடக் கூடாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

காட்டை ஒட்டி இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 1994இல் இதே சொறி பரவி, இரண்டே வருடத்தில் அங்கிருந்த நரிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்தன. நமக்குப் பக்கத்தில் முதுமலை. அங்கே செந்நாய்கள் இருக்கின்றன.

அக்கா அன்றைக்கே சாக்கை அடுப்பில் போட்டுவிட்டார். துணிகளைக் கொதிக்கிற நீரில் அலசினார், குட்டியை டாக்டரிடம் கூட்டிப்போனார். மூன்று வாரத்தில் காதோரம் பூனைமுடி மாதிரிப் புதுமுடி. அடுத்த பத்தாம் நாள் மறுபடி சொறிகிறது என்று வந்தார், முகமே வாடியிருந்தது.

லைன் வீடுகள் ஒரே சுவரில் ஒட்டியவை. சொறி அடுத்த வீட்டுக்குப் போக வாசல்படி இறங்க வேண்டியதில்லை.

"இதோட கூடப் பொறந்தது எங்கயாச்சும் இருக்கா?"

"பக்கத்து வீட்லதான் சார், இதோட அண்ணன். ரெண்டும் ஒண்ணாத்தான் புரளும்."

போய்ப் பார்த்தேன். அதுவும் சாக்கின்மேல்தான் படுத்திருந்தது. காதோரத்தை மடித்துத் தேய்த்தேன். கால் உதைத்தது.