கருவும் உருவும்: புதிய திரைக்கதையாசிரியரின் அச்சம்



பென்னாகரத்திலோ அரூரிலோ இருந்துகொண்டு திரைப்படத்திற்குக் கதை எழுதும் இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒகேனக்கல் அருவியைப் படம்பிடிக்கத் திரையுலகம் இம்மாவட்டத்தைத் தேடி வருகிறது. கதை சொல்ல விரும்பும் அவரோ சென்னையைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. அங்கு அவருக்கு அறிந்தவர் எவருமிலர். கைம்முதலாக இருப்பது கதை ஒன்றே. அதைச் சொல்லாவிட்டால் வாய்ப்பில்லை. சொல்லிவிட்டால் பிறர் எடுத்துக்கொள்வரோ என்னும் அச்சம். இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை அவருடையது.

இவ்வச்சம் வெறும் மனமயக்கம் அன்று. வருண் ராஜேந்திரன் என்பவர் 'செங்கோல்' என்னும் கதையை 2007ஆம் ஆண்டிலேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்திருந்தார். 2018இல் ஏ.ஆர். முருகதாஸ் இயக்கத்தில் விஜய் நடித்த 'சர்கார்' வெளிவரவிருந்த வேளையில், அது தம் கதையே என்று சங்கத்தில் முறையிட்டார். திரைக்கதைக் கலையில் கைதேர்ந்தவரான கே. பாக்யராஜ் அப்போது அதன் தலைவர். ஒருவரது வாக்கை மற்றொருவர் செலுத்திவிடுகிறார் என்னும் மையக்கரு இரண்டிற்கும் பொதுவாக இருப்பதைச் சங்கம் எடுத்துக்காட்டியது. சென்னை உயர்நீதிமன்றத்திற்குச் சென்ற வழக்கு, அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் சமரசத்தில் முடிந்தது. அக்கருவை முன்னரே எழுதிப் பதிந்தவர் என்ற முறையில் வருணின் பெயரைப் படத்தில் குறிப்பிடப் படக்குழுவினர் இசைந்தனர். நவம்பர் 6ஆம் நாள், தீபாவளியன்று, படம் வெளிவந்தது.

கரு மட்டுமே ஒத்தது, கதையும் திரைக்கதையும் தம்முடையவையே என்பது முருகதாஸின் நிலைப்பாடு. சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது. கரு யாருக்கு உரியது?

இவ்வினாவுக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 1978இலேயே விடை கூறியிருக்கிறது. 'ஹம் ஹிந்துஸ்தானி' என்னும் நாடகத்தை எழுதிய ஆர்.ஜி. ஆனந்த், 1956இல் வெளிவந்த 'நியூ டெல்லி' என்னும் இந்தித் திரைப்படம் அதன் நகல் என்று வழக்காடினார். பஞ்சாபிக் குடும்பத்தையும் தமிழ்க் குடும்பத்தையும் காதல் இணைக்க, மாநிலப் பற்று இடைநின்று தடுப்பதே இரண்டிலும் பொருள். எனினும் ஆனந்த் தோற்றார். கரு, பொருள், வரலாற்றுச் செய்தி ஆகியவற்றில் எவருக்கும் பதிப்புரிமை இல்லை; அவை வெளிப்படுத்தப்பட்ட வடிவத்திலேயே உரிமை உண்டு என்றது தீர்ப்பு. இரண்டையும் கண்டவர், பின்னது முன்னதன் நகலே என்று ஐயத்திற்கு இடமின்றி உணர வேண்டும் என்பதே அது வகுத்த அளவுகோல்.

இவ்வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று. முதல்நூல், வழிநூல் என நூலை இருவகைப்படுத்திய தொல்காப்பியர், தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என வழிநூலை நால்வகையாக விரித்தார். முன்னவர் பொருளை எடுத்தாள்வது அங்கே களவாகக் கருதப்படவில்லை. அது நூல் பிறக்கும் வழிகளுள் ஒன்று. கம்பர் எடுத்துக்கொண்ட கதை வான்மீகியினுடையது, காப்பியமோ கம்பருடையது. ஆனால், தமக்கு முன் இக்கதையை வடமொழியில் செய்தவர்களைக் கம்பர் மறைக்கவில்லை; அவர்களை நினைந்தே தம் காப்பியத்தைத் தொடங்கினார். கரு பொது, உரு தனியுரிமை, முன்னவரை ஏற்றுரைத்தல் அறம் என்பதே இம்மரபின் சாரம். புதியவர் அஞ்சுவது தம் கருவைப் பிறர் தொடுவதற்காக மட்டும் அன்று. தம் பெயர் சொல்லப்படாமற் போவதற்காகவே பெரிதும் அஞ்சுகிறார். சமரசத்தில் வருண் பெற்றதும் அப்பெயர்க்குறிப்பே.

தமிழ்த் திரையுலகின் வழக்கம் இவ்வச்சத்தை மேலும் வளர்க்கிறது. புதியவர் தயாரிப்பாளர் முன்னோ நடிகர் முன்னோ அமர்ந்து இரண்டு மணி நேரம் வாயால் கதை சொல்கிறார். அறையை விட்டு வெளியேறியபின் அக்கதைக்குச் சான்று எதுவும் இல்லை. சொன்னதை மட்டும் வைத்து வழக்காடுவது கடினம். நம்பிக்கையின் பேரில் பகிரப்பட்ட கருத்துக்குக் காப்புண்டு என்று 'ஸ்வயம்வர்' வழக்கில் 2002இல் தில்லி உயர்நீதிமன்றம் ஏற்றதுண்டு. அவ்வழியில் செல்வோரும் கருத்து விரிவாக உருப்பெற்றிருந்ததையும், அது பகிரப்பட்டதையும் மெய்ப்பிக்க வேண்டும்.

ஆகவே, அச்சத்திற்கு மருந்து மறைத்தல் அன்று; முற்ற எழுதுதலே. ஒரு வரிக் கருவாக நெஞ்சில் கிடக்கும் வரை கதை எவருடையதும் அன்று. ஒரே நாளேட்டுச் செய்தி இருவேறு ஊர்களில் இருவருக்கு ஒரே கருவைத் தரக்கூடும். அதனைக் களவெனச் சாடுவதும் ஒருவகை அநீதியே. காட்சி காட்சியாக, உரையாடலோடு எழுதி முடிக்கும்போதுதான் அது ஒருவரது கைவண்ணமாகிறது. எழுதப்பட்டபோதே 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதற்கு உரிமை தருகிறது, பதிவு கட்டாயமில்லை. எனினும் பதிவு வலிய சான்று. எழுத்தாளர்கள் சங்கத்திலோ பதிப்புரிமை அலுவலகத்திலோ பதிந்த பின்னரே கதை சொல்லச் செல்லுதல் வேண்டும். யாரிடம், எந்நாளில் சொல்லப்பட்டது என்று குறித்து வைத்தலும், சொன்னபின் கதைச்சுருக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பி வைத்தலும் நன்று.

இங்கே இலக்கிய வட்டங்களுக்கும் ஒரு கடமை உண்டு. திங்கள்தோறும் கவிதையையும் சிறுகதையையும் அரங்கேற்றும் அவைகள், பதிவு செய்யப்பட்ட திரைக்கதைகளையும் படிக்கச் செய்யலாம். படைத்தவர் பெயரும் நாளும் குறிப்பேட்டில் ஏறும்; கேட்டோர் சான்றாவர். சென்னையில் அறிந்தவர் இல்லாத இளைஞருக்குத் தம் ஊரில் ஓர் அவையே சாட்சியாக நிற்கும். பத்தாண்டு கண்ட வட்டம் அடுத்த பத்தாண்டில் அப்பணியையும் மேற்கொள்ளுமாயின், அஞ்சி மடித்து வைக்கப்பட்ட ஏடுகள் பல வெளிவரும்.