சாத்தாவாரி: எங்கள் வேலிக் கொடியும் எங்கள் மௌனமும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



பெண்கள் நலம் பற்றி ஓர் உரை தருமாறு செயற்குழுவினர் எமது வகுப்பினரைக் கேட்டிருந்தனர். நாங்கள் ஐந்து பேர் கூடியிருந்து இதனைத் தயாரித்தோம். எங்களுள் ஒருவர் சித்த வைத்தியர். ஒருவர் பிரசவ விடுதியில் நெடுங்காலம் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். மற்ற மூவரும் வைத்தியம் படிக்காதவர்கள். ஆனாலும் அம்மாவும் அம்மம்மாவும் அரைத்துத் தந்ததையெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்து வளர்ந்தபடியால், அனுபவத்தில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் சாத்தாவாரி. விடுதியில் இருந்தவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னதுமே சனிக்கிழமை காலை இலைக்கஞ்சி நினைவுக்கு வரும். முசுட்டை, முல்லை, தூதுவளை என்பவற்றோடு சாத்தாவாரி இலையும் சேர்த்து இடித்துச் சாறு பிழிந்து, அரிசியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் காய்ச்சி, தேசிக்காய்ப் புளியோடு தந்த அந்தப் பச்சைக் கஞ்சியை யார் மறப்பார்? தென்பகுதியில் படித்த, வேலைபார்த்த சகோதரிகள் இதனை ஹாத்தாவாரிய என்று அறிவார்கள். கொழும்பில் காலை வேளையில் கருப்பட்டித் துண்டோடு விற்கும் கொலகெந்தவில் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் தண்ணீர்விட்டான் கிழங்கு என்பர். வடமொழியில் சதாவரி. தாவரவியலார் அஸ்பராகஸ் ரசிமோசஸ் என்கின்றனர். மேல்நாட்டுக் கடைகளில் பச்சைத் தண்டுகளாகக் கட்டி விற்கிறார்களே அஸ்பராகஸ், அதற்கு இது நெருங்கிய உறவு.

வேலியிலும் பற்றையிலும் முள்ளோடு படரும் கொடி இது. இலை என்று நாம் ஆய்ந்து எடுப்பவை உண்மையில் ஊசிபோல மெலிந்த தண்டுகளே. சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள் வாசத்தோடு பூக்கும். காய் பழுத்தால் சிவக்கும். மேலே பார்த்தால் மெலிந்த கொடிதான். அடியில் மண்ணைக் கிண்டினால் விரல் பருமனில் வெளிறிய கிழங்குகள் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். சதாவரி என்ற பெயருக்கு நூறு வேர் உடையது என்று பொருள் கூறுவர். மழை இல்லாத மாதங்களுக்கென்று அந்தக் கிழங்குகள் தண்ணீரைச் சேமித்து வைத்திருப்பதால் தண்ணீர்விட்டான் என்ற தமிழ்ப் பெயரும் பொருத்தமே.

ஆயுர்வேதமும் சித்த வைத்தியமும் இக்கிழங்கை இனிப்பும் சிறு கைப்பும் உடையது, குளிர்ச்சி தருவது, உடலைத் தேற்றுவது என்று வகுத்துள்ளன. பால் சுரக்க, வெள்ளைபடுதல் தணிய, அதிக இரத்தப்போக்கால் மெலிந்த உடல் தேற, நீர்க்கடுப்பும் வயிற்றெரிவும் ஆற, மாதவிடாய் நிற்கும் காலத்து உடற்சூடு குறைய என்று வைத்தியர்கள் இதனைக் கொடுத்து வந்துள்ளனர். எமது மண்ணுக்கும் நீண்ட வைத்திய மரபு உண்டு. செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்கள் யாழ்ப்பாணத்து அரசர்களின் பட்டப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. எமது சங்கத்தின் இளமைக் காலத்திலேதான் ஏழாலை ஐ. பொன்னையா அவர்கள் பரராசசேகரத்தைப் பல பாகங்களாக அச்சேற்றினார்கள். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவம் கைதடியில் கற்பிக்கப்படுகிறது. எங்கள் தோழியும் அந்த வழியில் வந்தவரே.

செய்முறையை அவரிடமே கேட்டோம். பச்சைக் கிழங்கைத் தோல் சீவி, நடுவில் இருக்கும் நரம்பை உருவி எறிந்துவிட வேண்டும். பாற்கஷாயம் என்றால் கிழங்கு 1 பங்கு, பால் 8 பங்கு, தண்ணீர் 32 பங்கு. தண்ணீர் வற்றிப் பால் மாத்திரம் மிஞ்சும்வரை சிறு நெருப்பில் காய்ச்சி வடித்துக் குடிப்பது. நிழலில் உலர்த்தி இடித்த தூள் என்றால், வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம். நெய்யாகவும் லேகியமாகவும் செய்வதுண்டு. அவற்றை வைத்தியர் கையால் வாங்குவதே நல்லது என்றார்.

இனி, நாங்கள் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வை இச்சபையில் பலர் கடந்து வந்திருக்கிறீர்கள். எங்களில் ஒருவர் அப்போது நிறைமாதம். மழையில் தென்மராட்சிக்கு நடந்து, ஒரு வீட்டு விறாந்தையில் இடம் கிடைத்து, மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது. காயச்சரக்கு இல்லை, பத்தியக்கறி இல்லை. தாய்க்குப் பால் வரவில்லை. கையிலிருந்த பால்மா முடிந்துவிட்டது. அந்த வீட்டு ஆச்சி வேலியோரம் போய்க் கிண்டி, சாத்தாவாரிக் கிழங்கு கொண்டுவந்தார். வீட்டிலிருந்த ஒரே பசுவின் பாலில் காய்ச்சி, "குடி பிள்ளை, அழாதை" என்று பக்கத்தில் இருந்து பருக்கினார். பிள்ளையை மார்பில் போட்டுவிட்டு, விறாந்தையில் இருந்த சனத்தை மறைக்கத் தன் சேலையைக் கட்டிவிட்டார். நான்காம் நாள் பால் வந்தது. அந்தப் பிள்ளை இன்று மெல்பேணில் பொறியியலாளர்.

இந்தக் கதையை நாங்கள் பல ஆண்டுகளாகச் சாத்தாவாரியின் பெருமையாகவே சொல்லி வந்தோம். இம்முறை எங்கள் தாதித் தோழி இடைமறித்தார். "பிள்ளை திரும்பத் திரும்ப உறிஞ்சினால்தான் பால் ஊறும். தாய் பயத்தில் இருந்தால் பால் இறங்காது. ஆச்சி கிழங்கையும் கொடுத்தா, பிள்ளையையும் மார்பில் போட்டா, பயத்தையும் போக்கினா. எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்றார்.

ஆராய்ச்சியாளர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். 1996 இல் வெளியான, இந்தியாவில் 64 தாய்மாரிடம் நடந்த ஆய்வில், சாத்தாவாரி சேர்ந்த மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2011 இல் வெளியான, 60 தாய்மார் பங்குகொண்ட மற்றொரு இந்திய ஆய்வில், கிழங்கு எடுத்தவர்களிடம் பால் சுரக்கத் தூண்டும் புரோலக்ரின் என்ற ஹோர்மோன் கூடுதலாக உயர்ந்திருந்தது. இரண்டும் சிறிய ஆய்வுகள். கிழங்கில் சதாவரின் எனப்படும் சபோனின் வகைப் பொருட்கள் உண்டு என்பது உறுதி. அவை பெண் உடலில் என்ன செய்கின்றன என்பதற்கு இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும். ஆகவே சத்தான, நீண்டகாலம் பழகிய உணவு மருந்து என்று மதிப்போம். சகல பெண் நோய்களுக்கும் ஒரே மருந்து என்று போத்தலில் ஒட்டியிருக்கும் வாசகத்தை நம்பாதிருப்போம்.

சகோதரிகளே, இந்த உரையை ஆறு பேர் சேர்ந்து தயாரித்திருக்க வேண்டும்.

ஆறாவது தோழியே எங்களுக்குச் சாத்தாவாரியை அறிமுகப்படுத்தியவர். விடுதியில் எவருக்காவது மாதாந்த வயிற்றுக்குத்து என்றால், வீட்டிலிருந்து கொண்டுவந்த தூளைச் சுடுபாலில் கலக்கி, யாருக்கும் தெரியாமல் கட்டிலுக்குக் கொண்டுவந்து தருவார். அந்தக் காலத்தில் அதனைப் பெயர் சொல்லிக் கதைப்பதே பிழை. "சுகமில்லை" என்போம், "வீட்டுக்குத் தூரம்" என்போம். வயிற்றுக்குத்து என்று சொன்னால் எது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் மேலே கேட்கமாட்டார்கள்.

அவருக்கு மாதவிடாய் நின்று நாலு ஆண்டுகளுக்குப் பிறகு, 56 வயதில், மீண்டும் சிறிது இரத்தம் பட்டது. உடற்சூடு என்று நினைத்துச் சாத்தாவாரிப் பால் குடித்தார். சில வாரம் நின்றது; திரும்ப வந்தது; திரும்பக் குடித்தார். பதினொரு மாதம். கணவரிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை. வாரந்தோறும் தொலைபேசியில் கதைத்த எங்களிடமும் சொல்லவில்லை. கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் என்று கண்டபோது அது பரவியிருந்தது. நேரத்தோடு கண்டால் பெரும்பாலும் சத்திரசிகிச்சையோடு மாறக்கூடிய நோய் என்று வைத்தியர்கள் கூறுவார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது எங்களில் ஒருவர் ஆத்திரத்தில், "அந்தக் கிழங்கை நம்பி இருந்திட்டியே" என்று அழுதுவிட்டார். அவர் சொன்ன பதில் இது: "சாத்தாவாரியைக் குறை சொல்லாதேங்கோ. நான் வெக்கப்பட்டது கிழங்கின்ரை பிழையே? எங்கடை பிள்ளையளுக்கு இதைச் சொல்லுங்கோ."

அதைச் சொல்லவே இன்று இந்த மேடையில் நிற்கிறோம்.

மாதவிடாய் நின்று ஓர் ஆண்டு கடந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே வைத்தியரைக் காணுங்கள். மாதவிடாய்க்கு இடையில், அல்லது உறவுக்குப் பின் இரத்தம் படுதல், துர்மணத்தோடு வெள்ளைபடுதல், மார்பில் கட்டி, காரணமின்றி வயிறு ஊதியிருத்தல், இவற்றில் எதற்கும் கிழங்கைத் தேடிப் போகாதீர்கள். அளவுக்கதிகமான மாதப்போக்கு இருந்தால் இரத்தச் சோகையைப் பரிசோதியுங்கள். சாத்தாவாரி இரும்புச்சத்துக் குளிசைக்கு ஈடாகாது.

கர்ப்பிணிகள் வைத்திய ஆலோசனையின்றி இதனை எடுக்க வேண்டாம். ஹோர்மோனோடு தொடர்புடைய மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், சிறுநீரக நோயாளர், அஸ்பராகஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்ப்பதே நன்று. நீரிழிவுக்கும் வேறு நோய்களுக்கும் மருந்து எடுப்போர் தங்கள் வைத்தியரிடம் இதையும் சொல்லிவிட வேண்டும். புலம்பெயர்ந்த சகோதரிகளுக்கு இன்னொன்று: 2004 இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் பொஸ்ரன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14 இல் ஈயம், பாதரசம், ஆசனிக் ஆகியவற்றுள் ஒன்றாவது இருந்தது. பெயர் தெரியாத பக்கற்றை ஊர் மருந்து என்ற பாசத்தில் வாங்காதீர்கள்.

எமது நாட்டில் 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளூடாகப் பெண்களுக்கான நலச் சிகிச்சை நிலையங்கள் இலவசமாக நடைபெறுகின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். மார்பும் பார்க்கிறார்கள், இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். குடும்பநல மாது வீட்டு வாசலுக்கு வந்து சொன்னாலும் "பிறகு வாறன்" என்று அனுப்புகிறவர்கள் நாங்கள்தான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் தரம் 6 பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே போடப்படுகிறது. எங்கள் காலத்தில் சொல்லவே கூசிய உறுப்பைக் காக்க இன்று வகுப்பறைக்கே ஊசி வருகிறது. காலம் நல்லதாகத்தான் மாறியிருக்கிறது. நாமும் சற்று மாறுவோம்.

முடிவாக ஒரு விண்ணப்பம். விடுதிக் கிணற்றடி வேலி இப்போது மதிலாகிவிட்டது. அந்த மதிலோரம் ஒரு மூலிகைப் பாத்தி அமைக்க அதிபர் அவர்கள் இணங்கியுள்ளார்கள். முதற் கொடியாகச் சாத்தாவாரியை நாளை காலை எங்கள் தோழியின் மகள் நடுவார். ஆண்டுக்கு ஒருமுறை, பழைய மாணவிகளான வைத்தியர்களும் தாதியரும் மேல்வகுப்புப் பிள்ளைகளை அந்தப் பாத்தியடியில் இருத்தி, உடல் பற்றி மறைக்காமல் கதைக்க வேண்டும். பிள்ளைகள் எதையும் கேட்கலாம். அதற்கான செலவை எமது வகுப்பு ஏற்றுக்கொள்கிறது.

வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடம், அக்காவிடம், மகளிடம், மருமகளிடம் ஒருமுறை கேளுங்கள்: "உனக்குச் சுகமில்லை என்றால் என்னிடம் சொல்லுவாய்தானே?" சாத்தாவாரிப் பால் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டே கேட்டால் இன்னும் நல்லது.