நிறுவலும் நிரலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கணிப்பொறி கற்கும் பிள்ளை இல்லாத வீடு நம் காலனியில் அரிது. அவர்களுட் பலர், "புரோகிராம் எழுதத் தெரிந்தாற் போதாதா? கணக்கில் வரும் தேற்றங்களை நிறுவிக் காட்டுவதால் என்ன பயன்?" என்று வினவுகின்றனர். நிறுவலும், புரோகிராம் எனப்படும் நிரலும், வேர் ஒன்றுடையன என்பதே என் விடை.

"மழை பெய்தால் ஏரி நிறையும்" என்பது ஒரு கூற்று. அதனை நிறுவுதல் யாது? மழை பெய்ததற்குரிய சான்றைக் கொடுத்தால், அதனை ஏரி நிறைந்ததற்குரிய சான்றாக மாற்றித் தரும் வழியைக் காட்டுதலே ஆகும். நிரலும் அத்தகையதே, ஓர் இனத்துப் பொருளை ஏற்று, மற்றோர் இனத்துப் பொருளை அளிக்கிறது. கூற்றுக்கு இனமும், நிறுவலுக்கு நிரலும் நிகராகின்றன. இவ்வொப்புமையை அமெரிக்க அறிஞர் ஹாஸ்கெல் கரி 1934-ஆம் ஆண்டிலேயே ஓரளவு கண்டார். வில்லியம் ஹோவர்டு 1969-இல் அதனை விரித்தெழுதினார். அக்கட்டுரை 1980-இல்தான் அச்சேறியது.

இவ்விரண்டோடு மூன்றாவதாகச் சேர்ந்தது, கேட்டகரி தியரி எனப்படும் வகைமைக் கோட்பாடு. 1945-இல் ஐலன்பெர்க், மக்லேன் என்னும் இருவர் அதற்கு அடிகோலினர். அது பொருள்களின் உள்ளமைப்பை ஆராய்வதில்லை. ஒன்றினின்று மற்றொன்றுக்குச் செல்லும் வழிகளையே நோக்கும். தில்லியிலிருந்து நாகபுரிக்கு வழியுண்டு; அங்கிருந்து சென்னைக்கு வழியுண்டு; ஆகவே தில்லியிலிருந்து சென்னைக்கும் வழியுண்டு. விடுமுறைதோறும் ஊர் செல்லும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கூற்றிலிருந்து கூற்றுக்குச் செல்லும் தருக்கமும், ஒரு நிரலின் விளைவை அடுத்த நிரலுக்கு ஊட்டுதலும் இவ்வாறே இயல்கின்றன. இம்மூன்றன் உறவைக் கனடாவில் பணியாற்றிய லாம்பெக் 1970-களில் துலக்கிக் காட்டினார்.

இதனால் விளைந்த நன்மை யாது? நிலப்படத்தில் எல்லையால் அடுத்துள்ள நாடுகள் ஒரே நிறம் பெறாதிருக்க நான்கு நிறங்கள் போதுமா என்னும் வினா 1852-இல் எழுந்தது. 1976-இல் அப்பெல், ஹாக்கன் என்னும் இருவர் ஆயிரம் மணி நேரத்துக்கும் மேலாகக் கணிப்பொறியை இயக்கிப் "போதும்" என்றனர். ஆனால் அந்நிரல் பிழையற்றது என்பதற்கு யார் பிணை? கையால் சரிபார்த்து முடிப்பது எவர்க்கும் அரிது, ஐயம் நீங்கவில்லை. 2005-இல் ஜார்ஜ் கோந்தியே 'காக்' என்னும் மென்பொருளைக் கொண்டு, நிறுவல் முழுவதையும் படிப்படியாகச் சரிபார்த்து முடித்தார். "நிறுவலே நிரல்" என்னும் கொள்கையின்மேல் எழுந்தது அம்மென்பொருள். ஆயிரம் கிளைகளையும் தனித்தனியே நம்ப வேண்டியதில்லை. அதன் சிறிய உட்கரு ஒன்றை நம்பினாற் போதும்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. நாம் கூறியது நிறுவப்பட்டதா என்றே பொறி சொல்லும். கூற வேண்டியதைத்தான் கூறினோமா என்று சொல்லாது. ஏரி என்று எழுத வேண்டிய இடத்தில் கிணறு என்று எழுதிவிட்டால், அதனையும் குறையின்றிச் சரிபார்த்துத் தரும்! அங்கே வேண்டுவது மனிதரின் தெளிவே.

இன்று பொறியே நிரல் எழுதித் தருகிறது. எழுதுதல் எளிதாயிற்று, "இது சரியே" என்று காரணங் காட்டி உறுதி கூறுதலே அரிதாயிற்று. ஆதலால் பெற்றோர்களே, பிள்ளை விடையைச் சொன்னவுடன் மகிழ்ந்து நின்றுவிடாதீர்கள், "எப்படி?" என்று ஒரு முறை கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கூறப் பழகிய பிள்ளை எந்தக் காலத்துக் கருவியையும் ஆளும்.