விரிந்து நோக்கும் சிறு கண்ணாடி



எங்கள் ஆரணியில் பட்டு வாங்க வரும் வியாபாரி, சேலையைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்வார் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து மடக்குக் கண்ணாடி ஒன்றை எடுத்துத் துணியின்மேல் வைப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவார். அவர் எண்ணி முடிக்கும் வரையில் நெய்தவர் மூச்சுவிட மாட்டார். நெசவாளர் வீட்டில் பிறந்த எனக்கு லென்ஸ் என்னும் பொருள் அறிமுகமானது அப்படித்தான். சிறியதைப் பெரிதாக்கிக் குற்றம் கண்டுபிடிக்கும் கண்ணாடி அது. இன்று நான் பேச வந்திருப்பது அதற்கு நேர்மாறான கண்ணாடியைப் பற்றி. அறை முழுவதையும் சுருக்கி, ஒன்றரை அங்குலத்துக்கும் குறைந்த அகலமுள்ள பிலிமுக்குள் அடக்கிக் காட்டும் விரிகோண லென்ஸைப் பற்றியே பேசப்போகிறேன். அதிலும் பழைய தூரமானிக் காமிராக்களுக்கென்று செய்யப்பட்ட, உள்ளங்கையில் மறைந்துவிடும் சின்னஞ்சிறு லென்ஸ்களைப் பற்றி.

முப்பதாண்டுகளாக நான் அவற்றைத் தேடி வாங்கி வருகிறேன். தலைமையாசிரியருக்கு இது என்ன பைத்தியம் என்று கேட்டவர்கள் உண்டு. அதற்குக் காரணமாயிருந்தது ஒரு நிழற்படம்.

1984இல், ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய காமிரா ஒன்றை வாங்கினேன். அடுத்த ஆண்டே அந்த மார்க்கெட் தீக்கிரையாயிற்று. காமிராவின் பெயர் ஃபெட். ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் மக்காரெங்கோ என்னும் கல்வியாளரைப் பற்றிப் படித்திருப்பார்கள். கார்க்கோவ் நகரத்தில், அநாதைகளாகத் தெருவில் திரிந்த பிள்ளைகளைச் சேர்த்து 1927இல் அமைக்கப்பட்ட தொழிற்கூடத்தை நடத்தியவர் அவர். அந்தப் பிள்ளைகள் செய்த காமிராவே ஃபெட். ஜெர்மனியின் லைக்காவை முன்வைத்துக்கொண்டு, 1934இல் அதை உற்பத்தி செய்யத் தொடங்கினார்கள். என் கைக்கு வந்தது பிற்காலத்தில் பெரிய ஆலையாகிவிட்ட பிறகு செய்யப்பட்டதுதான். எனினும் அதை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகளின் நினைவு வராமல் இருந்ததில்லை.

1986இல் என் தந்தையார் குழித்தறியில் அமர்ந்து நெய்வதைப் படமெடுக்க விரும்பினேன். உதகையில் 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிம் அப்போது கிடைத்தது. இன்று அந்த ஆலையும் இல்லை, பிலிமும் இல்லை. எங்கள் வீட்டுத் தறிக்கூடம் குறுகலானது. எதிர்ச் சுவரில் முதுகு ஒட்ட நின்றாலும், எனக்கும் தறிக்கும் இடையே எட்டடிதான். தந்தையார் அமரும் இடத்திலிருந்து பாவின் கோடி வரையிலோ ஒன்பதடி. காமிராவில் முகம் வந்தால் பாவு வரவில்லை. பாவு வந்தால் முகம் வரவில்லை. "என்னப்பா, இன்னும் பின்னாலே போறதானே?" என்றார் அவர். பின்னால் சுவர். கடைசியில் முகத்தையும் கையையும் நாடாவையும் மட்டும் எடுத்தேன். மறு ஆண்டு அவர் காலமானார். தறியைப் பிரித்து விற்றோம். தந்தையாரும் தறியும் ஒன்றாக இருக்கும் படம் எங்கள் வீட்டில் இல்லை.

இதிலே ஓர் எளிய கணக்கு இருக்கிறது, காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிலிமில் ஒரு படத்தின் அகலம் 36 மில்லிமீட்டர். லென்ஸின் குவியத் தொலைவு 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எட்டடித் தொலைவில் அது காணக்கூடிய அகலம் எட்டை 36ஆல் பெருக்கி 50ஆல் வகுத்தால் வருவது: ஐந்தே முக்கால் அடி. 35 மில்லிமீட்டர் லென்ஸாயின் எட்டேகால் அடிக்குச் சற்றுக் குறைவு. 28 மில்லிமீட்டர் லென்ஸாயின் பத்தேகால் அடி. எங்கள் தறிக்கு வேண்டியது ஒன்பதடி அல்லவா? ஆகவே 28 வேண்டும். இந்தக் கணக்கை 1986இல் நான் போட்டுப் பார்க்கவில்லை. கணக்கு ஆசிரியனான எனக்கு இதைவிட வெட்கம் வேறில்லை.

பணம் செலவழிக்காமல் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஓர் அட்டையில் ஒன்பது சென்டிமீட்டர் அகலமும் ஆறு சென்டிமீட்டர் உயரமும் உள்ள துளை வெட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதைப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் லென்ஸ் காணும் காட்சி அது. ஏழு சென்டிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். 28 மில்லிமீட்டரின் காட்சி விரியும். அறைச் சுவர்கள் விலகிக்கொள்வது போலத் தோன்றும்.

இனி, இந்த லென்ஸ்கள் ஏன் அவ்வளவு சிறியவை என்று கேட்பீர்கள். பிற்காலத்தில் பரவிய காமிராக்களில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கும். படமெடுக்கும்போது அது மேலே தூக்கிக்கொள்ளும். அதற்கு இடம்விட வேண்டியிருப்பதால் லென்ஸ் பிலிமை நெருங்க முடியாது. 28 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள லென்ஸ் 40 மில்லிமீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டுமென்றால், முன்னே பெரிய குழிலென்ஸை வைத்து ஒளியைத் திருப்பித்தான் சாதிக்க வேண்டும். பிரான்சின் ஆன்ஜெனியோ 1950இல் அத்தகைய லென்ஸைக் கொண்டுவந்தார். தூரமானிக் காமிராவில் அந்தத் தடையே இல்லை. அதில் இரண்டு சிறு சாளரங்களின் வழியே வரும் இரண்டு உருவங்களை ஒன்றாகப் பொருத்தித் தூரத்தை அறிகிறோம். லென்ஸின் பின்னால் அசையும் கண்ணாடி இல்லை. ஆகவே லென்ஸின் பின்புறம் பிலிமுக்கு மிக அருகே போய் உட்கார்ந்துவிடலாம். முன்பாதியும் பின்பாதியும் ஏறக்குறைய ஒத்திருக்குமாறு அதை அமைக்கலாம். அவ்வாறு அமைத்தால் நேர்கோடுகள் வளையாமல் நேராகவே விழும். தறியின் மரங்களைப் படமெடுப்பவனுக்கு அது பெரிய வரம். குறையும் உண்டு, படத்தின் மூலைகள் சற்று இருண்டுபோகும்.

லைக்கா 1930இல் 35 மில்லிமீட்டர் எல்மாரை வெளியிட்டது. நான்கே கண்ணாடிகள் கொண்டது. 1935இல் 28 மில்லிமீட்டர் ஹெக்டார் வந்தது. ஸைஸ் நிறுவனத்துக்காக பெர்த்தெலே என்னும் மேதை பயோகானை வகுத்தார். போருக்குப் பின்னர் ஸைஸின் இயந்திரங்கள் சோவியத்து நாட்டுக்குச் சென்றபோது அந்த பயோகானே ஜூபிடர் 12 என்னும் பெயரில் மறுபிறவி எடுத்தது. ஜப்பானில் கானன், நிக்கான் இரண்டும் 1950களில் 28 மில்லிமீட்டர் லென்ஸ்களைச் செய்தன. 1955இல் லைக்கா கொண்டுவந்தது 28 மில்லிமீட்டர் சம்மரான். காமிராவுக்கு வெளியே அது நீட்டிக்கொண்டிருப்பது ஓரங்குலத்துக்கும் குறைவு. 1963 வரையில் செய்து நிறுத்திய அதை, 2016இல் அதே நிறுவனம் மீண்டும் செய்யத் தொடங்கியது என்றால் அதன் சிறப்பை நீங்களே ஊகிக்கலாம்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. உலகம் போற்றும் ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் லைக்காவும் கையுமாக எங்கள் மாவட்டத்துக்கே வந்திருக்கிறார். ரமண மகரிஷி மறைந்த 1950 ஏப்ரல் 14 இரவு அவர் திருவண்ணாமலையில் இருந்தார். மலையுச்சியை நோக்கி ஓர் ஒளி நகர்ந்து மறைந்ததைக் கண்டு, கடிகாரத்தைப் பார்த்து 8.47 என்று குறித்துவைத்தவர் அவரே. ஆரணியிலிருந்து அவ்விடம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அவர் பெரும்பாலும் கையாண்டது 50 மில்லிமீட்டர் லென்ஸைத்தான். அவருக்குப் பின்னால் சுவர் இருந்ததில்லை போலும்!

வாங்குகிறவர்கள் ஏமாறும் இடங்களுக்கு வருகிறேன். 1992இல் நான் வாங்கிய முதல் ஜூபிடர் 12 என் காமிராவில் ஏறவேயில்லை. கியெவ் காமிராவுக்கென்று ஒரு வகை, 39 மில்லிமீட்டர் திருகு வகை என்று மற்றொன்று. பெயரைப் பார்த்தேனே தவிர, திருகைப் பார்க்கவில்லை. தவறு என்னுடையதே. விற்றவர் திருப்பி வாங்க மறுத்தார். இரண்டாவது சரியாகப் பொருந்தியது. அதன் பின்கண்ணாடி கோழிமுட்டை போல வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மேசையில் அப்படியே வைத்தால் கீறல் விழும்.

போலிகளும் மிகுதி. சோவியத்துக் காமிராவின் பெயரைச் சுரண்டிவிட்டு லைக்கா என்று பொறித்து, பளபளப்பான பித்தளை நிறத்தில் விற்பார்கள். எழுத்தின் ஓரம் கூர்மையாக இல்லையென்றால் ஐயப்படுங்கள்.

உண்மையான பகைவன் போலியன்று, பூஞ்சை. லென்ஸின் ஒரு பக்கத்தில் கைவிளக்கை ஏற்றி, மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் கிளைத்திருந்தால் அது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்திலே அது முளைக்கும்; அதிலிருந்து கசியும் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடும். புகைபோன்ற மங்கல் என்றால் உள்ளே எண்ணெய் ஆவி படிந்திருக்கலாம். அதைத் துடைக்க முடியும், அரிப்பை மாற்ற முடியாது. என்னிடமிருந்த நல்ல லென்ஸ் ஒன்றைத் தோல் உறையில் பூட்டி, பீரோவுக்குள் பத்திரமாக வைத்தேன். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டது. இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தபோது உள்ளே காடு வளர்ந்திருந்தது. இப்போதெல்லாம் உறையை எறிந்துவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத பெட்டியில் வைக்கிறேன். மாதம் ஒருமுறை வெளியே எடுத்துப் படமும் எடுக்கிறேன்.

சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த நிகழ்ச்சியை இனிச் சொல்லிவிடுகிறேன். 2011ஆம் ஆண்டு; நான் தலைமையாசிரியனாக இருந்த காலம். என் பழைய மாணவர் ஒருவர் மாலை வேளையில் வீட்டுக்கு வந்தார். அவருடைய பாட்டனார் ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஸ்டூடியோ மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன. பரணில் கிடந்த தகரப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். "உங்களுக்கு இதெல்லாம் பிடிக்குமே சார், ரெண்டாயிரம் கொடுத்தீங்கன்னா போதும்" என்றார். பெட்டிக்குள் உடைந்த விளக்குகள், காய்ந்த ரப்பர்க் குழாய்கள். அடியில் துணியில் சுற்றிய 28 மில்லிமீட்டர் சம்மரான். விளக்கு வைத்துப் பார்த்தேன், மாசில்லாமல் இருந்தது. என் கை நடுங்கியதை அவர் கவனித்திருக்க மாட்டார். இரண்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளே அதை என் ஃபெட் காமிராவில் திருகினேன். எங்கள் தெருவில் அப்போதும் குழித்தறியில் நெய்துகொண்டிருந்தவர் என் தந்தையாரின் பங்காளி. எனக்குப் பெரியப்பா முறை. அவருடைய கூடமும் எங்கள் பழைய கூடத்தைப் போன்றதே. சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். துளையை எஃப் 8இல் வைத்து, தூரத்தைப் பதினோரடிக்குக் குறித்தால், ஐந்தரை அடியிலிருந்து அப்பாலுள்ள யாவும் தெளிவாக விழும். தூரமானியையே நாட வேண்டியதில்லை. முக்காலியில் நிறுத்தி, அரைநொடி ஒளி விட்டேன். ஒன்பதடியும் வந்தன.

அதற்குப் பிறகு பதினொரு நாள் எனக்கு உறக்கம் சரியாக இல்லை. வகுப்பில் எடையில் ஏமாற்றும் கடைக்காரனைப் பற்றிக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்த நாள் ஒன்றில், வேறு கணக்குக்குப் பக்கத்தைப் புரட்டினேன். பன்னிரண்டாம் நாள் லென்ஸுடன் அந்த மாணவரின் வீட்டுக்குச் சென்றேன். "இதன் விலை நீ சொன்னதன்று, எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "உங்ககிட்டதானே சார் கொண்டுவந்தேன்" என்றார், கடைசியில். அவர் மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்டவேண்டிய மாதம் அது என்பதை அப்போதுதான் அறிந்தேன். லென்ஸைத் திருப்பிக் கொடுத்து, சென்னையில் நாணயமாக வாங்கக்கூடிய ஒருவரிடம் அவரை நானே அழைத்துச் சென்றேன். கிடைத்தது ஏறக்குறைய பதினைந்து மடங்கு. திரும்பும்போது பேருந்தில் அவர் சன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். இன்று பேசுகிறார், ஆனால் என் வீட்டுக்கு வருவதில்லை.

இப்போது என்னிடம் இருப்பது ஓரியன் 15 என்னும் சோவியத்து 28 மில்லிமீட்டர். ஒளி குறைவாகவே வாங்கும்; ஆனால் கோடுகளை நேராகக் காட்டும். கண்ணாடித் தடையில்லாத இக்கால எண்முறைக் காமிராக்களிலும் ஒரு வளையத்தைப் பொருத்தி இதை ஏற்றலாம். ஓரங்களில் சற்றே செந்நீலச் சாயல் படியும்.

பெரியப்பாவின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு அவரிடம் கொடுத்தேன். பாவு, அச்சு, விழுது, படமரம், மேலே ஜக்கார்டு பெட்டி, மூலையிலிருந்த தண்ணீர்ப் பானை எல்லாம் அதில் இருந்தன. கண்ணுக்கருகே வைத்துக்கொண்டு, இழை எண்ணுகிறவர்போல வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் வந்திருக்குதப்பா," என்றார். "காலு எங்கே? பள்ளத்துக்குள்ளே காலுதானே தறியை ஓட்டுது?"